கடை மீனும் கருணைக் காசும்



பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு மடல் எழுதியிருக்கிறார். கீழக்கரையிலிருந்து வாணிபத்தின் பொருட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அவருடையது. மடல் நீண்டது. அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மகனுக்கு வயது பதினொன்று. நோன்புப் பெருநாளுக்கு உம்மம்மாவும் மாமாமாரும் சாச்சாவும் கொடுத்த பெருநாள் காசைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருந்த பிள்ளை, ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வண்ண மீன் கடை ஒன்றின் முன் நின்றிருக்கிறான். பலகையின் மீது வரிசையாக இருபது பிளாஸ்டிக் டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு 'ஃபைட்டர்' மீன். நீர் பழுப்பேறிக் கிடந்ததாம். வால் கிழிந்து, அடியில் சாய்ந்து கிடந்த ஒன்றை எண்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்து, ஊறுகாய் ஜாடியொன்றைக் கழுவி அதில் விட்டிருக்கிறான். மீன் பிழைத்துக் கொண்டது. இப்போது பிள்ளை, மீதமுள்ள காசு முழுவதையும் கொடுத்து மற்ற மீன்களையும் காப்பாற்றி வரவேண்டும் என்று அடம் பிடிக்கிறான். அவனுடைய வாப்பாவோ, "பகலில் மீன் ஆணம் வைத்துச் சாப்பிடுகிறோம், மாலையில் மீனுக்காக அழுவதா?" என்று சிரிக்கிறார். "இது நன்மையான காரியமா, வீண்விரயமா? பிள்ளையின் மனம் நோகாமல் நான் என்ன சொல்வது?" என்பது சகோதரியின் வினா.

சிறு பிள்ளையின் அடம் என்று இதனைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பெரியவர்களும் விடை சொல்லத் திணறும் கேள்வி இது.

முதலில் வாப்பாவுக்கு ஒரு சொல். மீன் நமக்கு ஆகுமாக்கப்பட்ட உணவு, அதில் ஐயமில்லை. ஆனால் உண்பதற்குக் கிடைத்த அனுமதி, வதைப்பதற்கும் கிடைத்த அனுமதியாகிவிடாது. அறுக்கும் பிராணிக்குக்கூட நோவைக் குறைக்குமாறும், கத்தியை நன்கு தீட்டிக்கொள்ளுமாறும் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். உணவுக்காக ஓர் உயிரை எடுப்பது ஒரு தேவை. அழகுக்காக ஓர் உயிரை அழுக்கு நீரில் வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதில் என்ன தேவை இருக்கிறது? ஆகவே பிள்ளையின் இரக்கம் நகைப்புக்குரியதன்று. அந்த இரக்கம் எவ்வழியில் செல்ல வேண்டும் என்பதில்தான் நமக்கு யோசனை வேண்டும்.

அதற்கு முன், அந்த மீன் யார் என்று அறிந்துகொள்வது நல்லது.

நம் ஊர்க் கடைகளில் ஃபைட்டர் என்றும் பெட்டா என்றும் வழங்கும் இம்மீனின் தாயகம் தாய்லாந்து. சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியின் நெல்வயல்களும், சதுப்புகளும், மெல்ல ஊர்ந்து செல்லும் வாய்க்கால்களுமே அதன் வீடு. அந்நாட்டு மக்கள் இதனைப் 'பிளா கட்' என்பர். கடிக்கும் மீன் என்று பொருள். வயலில் வாழும் அசல் மீனை நேரில் கண்டால் நம்மில் பலர் ஏமாந்து போவோம். பழுப்பும் மங்கிய பச்சையுமாக, குட்டை வாலுடன் இருக்கும். சீலை முந்தானைபோல் விரியும் வாலும், செக்கச் சிவந்த நிறமும், ஊதாவும் மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தவை. இம்மீனை மனிதன் வளர்ப்பு மீனாக்கி ஆயிரம் ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும் என்று, 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று கணிக்கிறது.

எதற்காக வளர்த்தான்? சண்டைக்காகத்தான். ஆண் மீன் தன் எல்லைக்குள் மற்றோர் ஆணைக் கண்டால் செவுள் மூடிகளை விரித்துக்கொண்டு பாயும். அந்த இயல்பைப் பந்தயமாக்கிக் காசு கட்டி விளையாடினார்கள். அக்காலச் சயாமிலிருந்து 1840-இல் சில மீன்கள், வங்காளத்தில் மருத்துவப் பணியிலிருந்த தியோடர் கான்டர் என்பவரின் கைக்கு வந்தன. அவர் 1849-இல் அதைப் பற்றி எழுதினார். இன்று வழங்கும் அறிவியற் பெயரை 1910-இல் சூட்டியவர் ரீகன் என்னும் ஆங்கிலேய அறிஞர். தாய்லாந்து அரசு 2019-இல் இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. உயிரினங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய கிரந்தங்களில் அறிவிப்பு இருக்கிறது. சேவற்சண்டையும் கிடாச்சண்டையும் கண்ட நம் ஊர்களுக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.

அடுத்துச் சொல்லப்போவதை மட்டும் பிள்ளைக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள், சகோதரியாரே. பெரும்பாலான மீன்கள் நீரில் கரைந்த காற்றைச் செவுளால் எடுத்து உயிர் வாழ்கின்றன. இந்த மீனுக்கோ தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக இன்னோர் உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து, வாயால் காற்றை ஒரு மிடறு குடித்து, அதைக் கொண்டும் மூச்சு விடும். வெயிலில் காய்ந்து சூடேறிய வயல்நீரில் காற்று குறைவாக இருக்குமல்லவா? அங்கே பிழைத்திருப்பதற்காக இறைவன் வழங்கிய அருள் அது. அந்த அருளே கடையில் அதற்குத் துன்பமாக முடிந்திருக்கிறது. மற்ற மீன்களில் பெரும்பாலானவற்றை ஒரு டம்ளர் நீரில் வைத்தால் விரைவிலேயே மூச்சுத் திணறி மிதக்கும், கடைக்காரருக்கு நட்டம். இதுவோ சாகாது. சாகாத காரணத்தால், "இதற்கு இவ்வளவு இடம் போதும்" என்ற எண்ணம் கடைக்காரரிடமும் வாங்குவோரிடமும் ஊறிப்போய்விட்டது.

உண்மையில் டம்ளருக்குள் நடப்பது என்ன? மீனின் உடலிலிருந்து அம்மோனியா என்னும் கழிவு நீரில் கலந்துகொண்டே இருக்கும். பெரிய தொட்டியில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த நஞ்சைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றிவிடும். டம்ளரில் அதற்கு வழியில்லை. காற்றை மேலிருந்து குடித்தாலும், மீனின் செவுள் அந்த நஞ்சு நீரிலேயே ஊறிக் கிடக்கிறது. செவுள் புண்ணாகும், துடுப்புகள் உடலோடு ஒட்டிச் சுருங்கும், வால் நுனியிலிருந்து அழுகத் தொடங்கும். பிள்ளை கண்ட கிழிந்த வால் பெரும்பாலும் இந்த அழுகலாகத்தான் இருக்கும். சண்டையிட்டுக் கிழிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தனித்தனி டம்ளரில் இருந்தவை யாருடன் சண்டையிட்டிருக்க முடியும்?

கடைக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும். பிரித்து வைத்தே ஆகவேண்டும். தாய்லாந்தின் பண்ணைகளில் தட்டையான பழைய சாராயக் குப்பிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி, குப்பிக்கு ஒரு மீனாக வளர்க்கிறார்கள். (அந்தக் குப்பிகளுக்கு இப்படியாவது ஒரு பயன்!) ஒழுங்காக நடக்கும் பண்ணையில் நீரை முறையாக மாற்றுவார்கள், தீனி தவறாது. நம் சென்னையின் கொளத்தூரும் அதைச் சுற்றிய பகுதிகளும் வண்ண மீன் தொழிலுக்கு நாடறிந்தவை. எத்தனையோ எளிய குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. அங்கே மீனைப் பிள்ளைபோல் பேணுவோரும் இருக்கிறார்கள். பிரித்து வைத்ததில் பிழையில்லை. நாலைந்து நாள் தங்கலுக்கான டம்ளரில், நீரும் மாற்றாமல் வாரக்கணக்கில் விட்டு வைத்ததுதான் பிழை.

இனி சகோதரியின் கேள்விக்கு வருவோம். அந்தப் பத்தொன்பதையும் வாங்கலாமா?

வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

கடைக்காரரின் கல்லாவுக்குள் விழும் காசுக்கு நெஞ்சம் கிடையாது. அழகுக்காக வாங்கியவர் கொடுத்த எண்பது ரூபாய்க்கும், அழுதுகொண்டே வாங்கிய பிள்ளை கொடுத்த எண்பது ரூபாய்க்கும் அங்கே வேறுபாடில்லை. இரண்டுமே அவருக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: "சரக்கு போயிற்று, மேலும் கொண்டு வா." இன்று இருபது டம்ளரும் காலியானால் அடுத்த வாரம் முப்பது டம்ளர் வரும். அதுமட்டுமன்று. கவனிப்பின்றி ஒரு மீன் செத்தால் கடைக்காரருக்கு அது நட்டம். அந்த நட்டம் ஒன்றுதான் அவரை நீர் மாற்றத் தூண்டும். நோயுற்ற மீனையும் முழுவிலை கொடுத்து வாங்கிச் செல்லும் இரக்கமுள்ளவர்கள் இருக்கும்வரை அவருக்கு அந்த நட்டமும் வராது. அவருடைய கவனக்குறைவுக்கான இழப்பீட்டை நாமே கட்டிக்கொண்டிருப்போம்.

இது கற்பனையன்று. இம்மீனின் தாயகமான தாய்லாந்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பாங்காக் நகரின் புத்தக் கோயில்களின் வாசலில் சிறு கூண்டுகளில் குருவிகளை அடைத்து விற்பார்கள். பக்தர்கள் புண்ணியம் கருதி அவற்றை வாங்கிப் பறக்கவிடுவார்கள். விடுவிக்க ஆட்கள் இருப்பதாலேயே பிடிப்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கூண்டுக்குள் வந்து சேரும் முன்னரே மடியும் குருவிகள் எத்தனையோ! விடுவிப்பவரின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் அந்த நல்லெண்ணம் இல்லாதிருந்தால் அந்தக் குருவி வலையிலேயே சிக்கியிருக்காது என்பதும் உண்மைதானே? ஃபைட்டர் மீன் விடுவிப்பதற்காகப் பிடிக்கப்படுவதில்லை. அந்த அளவில் வேறுபாடு உண்டு. எனினும் இரக்கமே வாணிபத்துக்குத் தீனியாகும் விதம் இரண்டிலும் ஒன்றுதான்.

"அப்படியானால் கண்முன் சாகும் உயிரை விட்டுவிட்டுப் போவதா? சந்தைக் கணக்கைப் பார்த்து நெஞ்சைக் கல்லாக்கிக் கொள்வதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டம்ளரில் கிடக்கும் அந்த ஒரு மீனுக்கு, அடுத்த வாரம் வரப்போகும் மீன்களைப் பற்றிய கணக்கு எதுவும் தெரியாது. அதன் நோவு இன்றைய நோவு. ஆகவே, ஒரு முறை, ஒரு மீனை, அதை வைத்துக் காப்பாற்றும் ஏற்பாடு வீட்டில் இருக்கும் நிலையில் ஒருவர் வாங்கி வந்தால் அவரைக் குறை சொல்ல நான் துணியமாட்டேன். பிள்ளை செய்ததும் அதுதான். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கு மன்னிப்புக் கிடைத்ததையும், உயிருள்ள எதற்குச் செய்யும் உபகாரத்திலும் கூலி உண்டு என்பதையும் புகாரி, முஸ்லிம் கிரந்தங்கள் நமக்குச் சொல்கின்றன. ஆனால் அவர் நாயை விலைக்கு வாங்கவில்லை. கிணற்றில் இறங்கி நீர் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தியை நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மக்தபில் கேட்டிருப்பார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது. அச்செய்தியைக் கேட்டதும் நம் மனம் கடைக்காரரைத்தான் சுட்டிக்காட்டும். ஆனால் விலையைக் கொடுத்து மீனைக் கையில் வாங்கிய நொடியிலேயே அடைத்து வைத்திருப்பவர் யார் என்பது மாறிவிடுகிறதே! அதன்பிறகு டம்ளர் அவருடையதன்று. ஊறுகாய் ஜாடி நம்முடையது. பத்தொன்பது மீனை வாங்கினால் பத்தொன்பது ஜாடி வேண்டும். பத்தொன்பது ஜாடிக்கும் இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றவேண்டும். பதினொரு வயதுப் பிள்ளையால் ஆகுமா? பரீட்சை வந்தால் யார் மாற்றுவார்? உம்மாதான் மாற்றவேண்டியிருக்கும். இரண்டு மாதத்தில் நம் வீட்டு அலமாரியே அந்தக் கடைப் பலகையைப்போல் ஆகிவிடக்கூடும்.

ஹிஜ்ரி 660-இல் வஃபாத்தான ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், தம்முடைய 'கவாஇதுல் அஹ்காம்' என்னும் நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். பிராணி முதுமையடைந்தோ நோயுற்றோ பயனற்றுப் போனாலும் அதற்கான செலவைச் செய்துவர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தன் இனமாயினும் பிற இனமாயினும் அதற்குத் தீங்கிழைக்கும் ஒன்றுடன் அதைச் சேர்த்து அடைக்கலாகாது என்பது மற்றொன்று. எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்னர் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் வாழ்ந்த அவர் ஃபைட்டர் மீனைக் கண்டிருக்கமாட்டார். ஆயினும் அதை வாங்க நினைக்கும் ஒருவர் அறிந்திருக்க வேண்டியதை எவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டார்!

செல்லப்பிராணி வளர்ப்பதே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வளர்த்ததும், அது இறந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சிறுவனிடம் அன்போடு குருவியைப் பற்றி விசாரித்ததும் ஹதீஸ் கிரந்தங்களில் உள்ளவை. அந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பாடங்களைத் திரட்டித் தனி நூலே எழுதினார் இப்னுல் காஸ் என்னும் அறிஞர். பிள்ளைகள் சிற்றுயிர்களோடு பழகுவதும், அவற்றுக்காகத் துக்கப்படுவதும் மார்க்கம் ஏளனம் செய்யாத காரியங்கள்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்றும் சிலர் வினவக்கூடும். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், மனிதனல்லாத எவ்வுயிரையும் பிராணி என்றே குறிக்கிறது. மீனும் அதில் அடக்கம். அசைந்து திரும்பவும் இடமில்லாத கூட்டிலோ கலத்திலோ பிராணியை அடைத்து வைப்பது குற்றமென அதன் 11-ஆம் பிரிவு கூறுகிறது. முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய். பிள்ளை கொடுத்த மீன் விலைகூட இல்லை! 2018-இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கென வந்த விதிகள் நாய், பூனை, முயல், கூண்டுப் பறவை முதலியவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. மீனின் பெயர் அப்பட்டியலில் இல்லை. எனவே சட்டத்தை மட்டும் நம்பி இருப்பதில் பயனில்லை. வாங்குவோரின் சொல்லே கடைக்காரரின் செவியில் ஏறும்.

ஆகவே பிள்ளையைத் தனியே அனுப்பாமல் வாப்பா அவனுடன் அந்தக் கடைக்குச் செல்லட்டும். சிரித்தவருக்கு இதுவே தக்க வேலை! கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, ஏசாமல், நயமாகப் பேசவேண்டும். "அண்ணே, மீன் வாங்கலாமென்றுதான் வந்தோம். தண்ணீர் இந்த நிலையில் இருப்பதால் வாங்க மனம் வரவில்லை. சுத்தமாக வைத்திருந்தால் நாங்களும் வாங்குவோம், நாலு பேரிடமும் சொல்லுவோம்" என்றால் போதும். ஒரு வாடிக்கையாளர் கைக்கு வந்த பணத்தைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார் என்பது வாணிபம் செய்பவருக்கு நன்றாக உறைக்கும். வாணிபக் குடும்பத்தாராகிய உங்களுக்கு இதனை நான் விளக்கவேண்டியதில்லை.

இன்னும் ஒன்று சொல்வேன். கடைக்காரர் இசைந்தால், வெள்ளியோ ஞாயிறோ ஒரு மணி நேரம் பிள்ளை அங்கே சென்று, அவர் சொல்லும் முறைப்படி டம்ளர் நீரை மாற்றிக் கொடுக்கட்டும். அதற்குக் காசு வேண்டாம். பத்தொன்பது மீனுக்கும் அது போய்ச் சேரும். அடுத்து வருகின்றவற்றுக்கும் சேரும். அவர் இசையாமல் விரட்டவும் கூடும். விரட்டினால் அந்தக் கடையில் மீன் தீனிகூட வாங்காதிருங்கள். தேறாது என்று அவர் ஒதுக்கிய மீனை விலையின்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அதில் கல்லாவுக்குப் போவது எதுவுமில்லை. ஆனால் அதற்கும் வீட்டில் தனி இடம் வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

மீதமுள்ள பெருநாள் காசுக்கு ஒரு நல்ல செலவு இருக்கிறது. ஊறுகாய் ஜாடி அந்த மீனுக்குப் போதாது. பதினைந்து இருபது லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை, மூடியுடன் வாங்குங்கள். மூடியில்லாவிட்டால் இம்மீன் துள்ளி வெளியே விழுந்துவிடும். தண்ணீர் விளிம்புவரை நிறைந்திருக்கலாகாது. மேலே காற்றுக்கு இடம் வேண்டும். மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போதும். வேகமான நீரோட்டத்தை நீண்ட வாலுடைய மீன் தாங்காது. குழாய் நீரைப் பிடித்தவுடன் ஊற்றவேண்டாம். கடைகளில் ஆன்ட்டி குளோரின் என்று விற்கும் மருந்தில் அளவறிந்து சில சொட்டு விட்டபின் ஊற்றலாம். புதுத் தொட்டியில் நான் முன்னர் சொன்ன நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இரண்டு நாளுக்கொரு முறை கால்பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றிவர வேண்டும். முழுவதையும் ஒரேயடியாக மாற்றுவது நல்லதன்று. நீரின் வெப்பம் 24 முதல் 28 பாகை செல்சியஸ்வரை இருப்பது இதற்கு ஏற்றது. சென்னையில் மார்கழி, தை மாத இரவுகளைத் தவிர அதற்குக் கவலையில்லை. ஊட்டி, கொடைக்கானல் வாசகியர் ஹீட்டர் இல்லாமல் இதனை வளர்க்க முற்படவேண்டாம்.

தீனி காலையிலும் மாலையிலும் இரண்டு மூன்று மணிகள் போதும். நம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும் பழக்கத்தில் மீனுக்கும் அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். மிஞ்சிய தீனி அழுகி நீரைக் கெடுக்கும். வால் அழுகலுக்குச் சுத்தமான நீரே முதல் மருந்து. ஓரிரு வாரத்தில் வால் நுனியில் கண்ணாடிபோல் மெல்லிய புதுச் சவ்வு வளர்வதைப் பிள்ளை காணலாம், இன்ஷா அல்லாஹ். பின் அதில் நிறம் ஏறும். நன்றாகப் பேணினால் மூன்று ஆண்டு, சில வேளை அதற்கு மேலும் வாழும். வீட்டுக்கு வரும் விருந்தினர் பிள்ளைகள், மீன் சிலிர்ப்பதைக் காண முகக்கண்ணாடியைத் தொட்டியருகே காட்டி விளையாடுவார்கள். அதைத் தொடர்ந்து செய்ய விடாதீர்கள். கண்ணாடியில் தெரிவது பகைவன் என்றே மீன் எண்ணிக்கொள்ளும்.

மடலின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார் சகோதரி. தொட்டி வாங்க முடியாவிட்டால், பள்ளிவாசல் ஹவுளில் விட்டுவிடலாமா என்று பிள்ளை கேட்கிறானாம். அங்கே ஏற்கெனவே மீன்கள் இருக்கின்றனவாம். வேண்டாம். நீண்ட வாலைக் கண்டால் மற்ற மீன்கள் கொத்தி எடுத்துவிடும். வேகமாக நீந்தித் தப்பவும் இதனால் இயலாது. நோயுற்ற மீனென்றால் அந்நோய் ஹவுளில் உள்ளவற்றுக்கும் பரவும். ஏரியிலும் குளத்திலும் விடுவது இன்னும் தவறு. தொட்டிச் சுவரைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி வளர்த்து, பெரிதானதும் கொண்டுபோய் ஏரியில் விட்ட அயல்நாட்டுச் சக்கர் மீன்கள், இன்று தமிழகத்திலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. தொட்டி வாங்க வசதிப்படும்வரை, வீட்டிலுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளியைச் சோப்பு வாடையின்றிக் கழுவி, மேலே வலைத்துணி கட்டி, நிழலில் வைத்து அதில் மீனை விட்டு வையுங்கள்.